தோட்டாத் தலைவலி

பி.காம். படிப்பவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் :-) காரணம் என் தாத்தா.

எங்கள் ஓமலூர் பக்கம் கிணறு வெட்டினால் சீக்கிரமே பாறை வந்துவிடும். அப்புறம் வெடிதான். எழுபதுகளில் தாத்தா அந்த வேலைக்குப் போனவர். "தோட்டாவைக் கையில தொட்டா அன்னைக்குப் பூரா தலை விண்ணு விண்ணுனு தெறிக்கும்டா" என்பார். போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். நெஞ்சுவலி அடங்கியது, தலைவலி வந்தது. "இது அந்தத் தோட்டாத் தலைவலியேதான்டா!" என்றார். நாங்கள் சிரித்தோம். படித்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

1847-ல் இத்தாலியைச் சேர்ந்த அஸ்கானியோ சொப்ரேரோ நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தவருக்குக் கடும் தலைவலி. 1867-ல் ஆல்பிரட் நோபல் அதை ஒருவகை மண்ணில் ஊறவைத்து டைனமைட் ஆக்கினார். 1879-ல் லண்டன் டாக்டர் வில்லியம் முர்ரெல், அதையே மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலிக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார். கடைசிக் காலத்தில் நோபலுக்கே இதய நோய். டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து? நைட்ரோகிளிசரின்! ஜனங்கள் பயப்படாமலிருக்க அதற்கு 'டிரைநைட்ரின்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நம் நீலகிரியிலும் இந்தப் பொருள் உண்டு. அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்தில் ஆரம்பித்த தொழிற்சாலையின் பெயரிலேயே இருக்கும் கார்டைட், நைட்ரோகிளிசரின் கலந்த வெடிமருந்துதான்.

இப்படிப்பட்ட ஆலைகளில் உலகெங்கும் ஒரே புகார்: திங்கட்கிழமை தலைவலி. வாரத்தின் நடுவில் உடம்புக்குப் பழகிவிடும். ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்களன்று மறுபடி வலி. சிலருக்கு லீவு நாளில் நெஞ்சுவலியே வந்தது. அமெரிக்க வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு 1972-ல் டாக்டர்கள் எழுதினார்கள்.

அப்போதும் காரணம் தெரியாது. இந்த மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தருகின்றன என்று 1977-ல் ஃபெரித் முராத் காட்டினார். அந்த வாயு இரத்தக் குழாயின் தசையைத் தளர்த்தும்; குழாய் விரியும், இதயத்தின் சுமை குறையும். தலையிலுள்ள குழாய்களும் விரிவதால்தான் தலைவலி. நம் இரத்தக் குழாய்களே ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, ஒரு நொதியின் உதவியால், இதே வாயுவைத் தயாரிக்கின்றன! இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் பரிசு கிடைத்தது. யார் பெயரில்? நோபல் பெயரில்!

2002-ல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. நைட்ரோகிளிசரினை உடைத்து உடம்புக்குள் வேலை செய்ய வைப்பதில், சாராயத்தை உடம்பு செரிக்க உதவும் ஒரு நொதிக்கே பெரிய பங்கு என்று கண்டார்கள். மருந்து தொடர்ந்து வந்தால் அந்த நொதி சோர்ந்துவிடும். பழகிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாத்தாவுக்குத் தினசரி மாத்திரை காலை, மதியம் மட்டும்தான். ராத்திரிக்கு எழுத டாக்டர் மறந்துவிட்டார் என்று நினைத்து, நானாகவே ஒரு வாரம் ராத்திரியும் கொடுத்தேன். விஷயம் தெரிந்ததும் டாக்டர் சத்தம் போட்டார். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. மருந்து இல்லாத சில மணி நேரம் இருந்தால்தான் மறுநாள் மருந்து பலிக்கும். அந்தத் தொழிலாளிகளின் உடம்பு ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டிய அதே கணக்கு.

தயவுசெய்து என்னைப் போல் செய்யாதீர்கள். டாக்டர் விட்ட இடத்தை நாம் நிரப்ப வேண்டாம். தாத்தா சொல்வதைக் கேட்டுச் சிரிக்கவும் வேண்டாம்.