குக்ரி கப்பலும் கரையில் காத்திருந்தோரும்

கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. குமரி மாவட்டத்து இனயம் கடற்கரையில் நின்று நோக்கினால் இவ்வுண்மை எளிதில் விளங்கும். கிழக்கே குளச்சல், மேற்கே தேங்காய்ப்பட்டணம், எதிரே எல்லை காணவொண்ணா அரபிக் கடல். வள்ளமும் விசைப்படகும் ஏறிச் சென்ற ஆண்மக்கள் திரும்பி வரும் வரையில், அவர்களை அனுப்பிவைத்த வீடுகளில் உலை கொதிப்பினும் உள்ளம் அமைதி கொள்வதில்லை. கடலை நம்பி வாழும் கிறிஸ்தவச் சகோதரர் வீட்டிலும், கப்பலேறிப் பொருளீட்டச் சென்றவரை எதிர்பார்த்திருக்கும் முஸ்லிம் வீட்டிலும் இந்தக் காத்திருத்தல் ஒன்றே.

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை இக்கரை மக்கள் மறந்திலர். ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் மீளவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. காணாமற் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டும் எனும் விதியைத் தளர்த்தி, அரசு அக்குடும்பங்களுக்கு உதவித் தொகை வழங்கியது. தொகை கைக்கு வந்தது. ஆனால், ‘கடைசி நேரத்தில் அவருக்கு என்ன நேர்ந்தது?’ என்ற கேள்விக்கு விடை வரவில்லை. அந்த விடையைத் தரவல்லவர் ஒருவரே: உடனிருந்து உயிர் தப்பியவர்.

இதே கேள்வியை, மீன்பிடி வள்ளத்தைப் பற்றியன்றி ஒரு போர்க்கப்பலைப் பற்றி, பல ஆண்டுகள் நெஞ்சில் சுமந்த குடும்பங்கள் நம் நாட்டில் உண்டு. அக்கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். குக்ரி.

குக்ரி என்பது கூர்க்கா வீரர் இடையில் செருகும் வளைந்த கத்தியின் பெயர். அப்பெயர் பூண்ட இக்கப்பல் இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கௌஸ் நகரில் கட்டப்பெற்று, 1956-இல் நீரில் இறக்கப்பட்டு, 1958-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. ஏறத்தாழ 310 அடி நீளமுடைய சிறிய போர்க்கப்பல் அது. நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதே அதன் தனித் தொழில். கிர்பான், குடார் என்னும் இரண்டு உடன்பிறப்புக் கப்பல்களும் அதற்கு இருந்தன. மூன்றும் ஆயுதங்களின் பெயரைத் தாங்கியவை.

1971 டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. டிசம்பர் 4-ஆம் நாள் இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அதே வேளையில், குஜராத் கரைக்கு அப்பால் பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஒன்று நடமாடுவதாகத் தெரிய வந்தது. அதனைத் தேடும் பணி குக்ரிக்கும் கிர்பானுக்கும் அளிக்கப்பட்டது. தேடப்பட்ட நீர்மூழ்கியின் பெயர் ஹங்கோர். பிரெஞ்சு நாட்டில் கட்டப்பட்டது. அன்றைய நிலையில் மிகவும் புதியது. குக்ரியின் ஒலியலைக் கருவி எட்டும் தொலைவினும் மிகுந்த தொலைவிலிருந்தே எதிரியை உணரும் ஆற்றல் அதற்கிருந்தது. வேட்டைக்குச் சென்றவரை வேட்டைப் பொருளே முதலில் கண்டுகொண்டது என்றே கூற வேண்டும்.

டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, தியூ தீவுக்கு அப்பால் உள்ள கடலில், ஹங்கோர் முதலில் கிர்பானை நோக்கி ஒரு டார்ப்பிடோவை ஏவியது. அது வெடிக்காமல் சென்றது. அடுத்தது குக்ரியைத் தாக்கி வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் கடலுக்குள் போயிற்று. கீழ்த்தளங்களில் இருந்தோர் பெரும்பாலோர் வெளியேறவே இயலவில்லை. அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர், ஆக 194 உயிர்கள் அவ்விரவில் கடலோடு கலந்தன. அதிகாரிகள் அறுவரும் மாலுமிகள் 61 பேரும் உயிர் தப்பினர். இரவெல்லாம் நீரில் தத்தளித்த அவர்களை மறுநாள் ஐ.என்.எஸ். கச்சால் கப்பல் மீட்டெடுத்தது.

கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. தம்முடைய மிதவைச் சட்டையை இளைய மாலுமி ஒருவருக்கு அளித்துவிட்டு, மற்றவர்களைத் தப்பிச் செல்லுமாறு ஏவி, கப்பலோடு தாமும் மூழ்கிய அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. இந்நிகழ்ச்சியை நாடறியும். ஆயினும் இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கேப்டன் கடைசியில் என்ன செய்தார் என்பதை நாடு அறிந்தது எவ்வாறு? மூழ்கிய கப்பல் பேசவில்லை; அரசு ஆவணமும் அங்கே உடனிருக்கவில்லை. நீரில் மிதந்தவாறு அக்காட்சியைக் கண்டவர் கரைசேர்ந்து சொன்னதாலேயே அறிந்தது. கேப்டனுக்குக் கிடைத்த அந்தச் சாட்சியம், சமையற் கூடத்திலும் எஞ்சின் அறையிலும் பணிபுரிந்த சாதாரண மாலுமிகள் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

இறந்தவர் வீட்டுக்கு வருவது ஒரு வரிச் செய்தி. கடமையாற்றுகையில் உயிர்நீத்தார் என்பதற்கு மேல் அதில் ஏதும் இருப்பதில்லை. அவர் உறங்கிக்கொண்டிருந்தாரா, விழித்திருந்தாரா? வலியால் துடித்தாரா? எவரையேனும் பெயர் சொல்லி அழைத்தாரா? தாய்க்கும் மனைவிக்கும் வேண்டியது இந்த விடைகளே. பதக்கமும் ஓய்வூதியமும் இவற்றுக்கு ஈடாவதில்லை.

இவ்வேதனையை நம் சமுதாயம் நன்கறியும். அடக்கத்தலத்திற்குச் சென்று ஸலாம் உரைத்து, இறந்தவருக்காக இறைவனிடம் கையேந்துவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. கபுறே இல்லாத குடும்பம் எங்கே செல்லும்? நீரில் மூழ்கி இறந்தோரையும் ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்திருப்பதும், தொலைவில் இறந்த அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷிக்காக மதீனாவில் ஜனாஸாத் தொழுகை நடத்தியதும் கடலோர முஸ்லிம்களுக்கு வழிவழியாக ஆறுதல் அளித்து வந்துள்ளன. அதே மார்க்கம், ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. உயிர் தப்பியவன் நெஞ்சிலிருக்கும் இறுதிச் செய்தியும் ஓர் அமானிதமே. அதனை உரிய வீட்டில் சேர்ப்பிக்கும் வரையில் அவன் கடன் தீர்வதில்லை.

ஆயினும் அக்கடனைத் தீர்ப்பது எளிதன்று. பிழைத்து வந்தவன் இறந்த தோழனின் தாயின் முன்னால் எந்த முகத்துடன் நிற்பான்? ‘என் மகன் போனான், நீ மட்டும் வந்தாயே!’ என்று அவள் சொல்லாவிடினும் அவள் கண்கள் சொல்லிவிடுமோ என அஞ்சுகிறான். அவளோ, அவன் வாய் திறக்க மாட்டானா என ஏங்குகிறாள். இரு தரப்பும் இவ்வாறு மௌனத்தில் உறைந்துவிட ஆண்டுகள் ஓடுகின்றன.

குக்ரியின் மௌனத்தைக் கலைத்ததில் பெரும் பங்கு ஒரு தரைப்படை வீரரைச் சாரும். 1971 போரில் கண்ணிவெடியால் காலை இழந்த மேஜர் ஜெனரல் இயான் கார்டோசோ அவர்கள், உயிர் தப்பியோரின் அனுபவங்களைத் திரட்டி 2006-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். கப்பல் மூழ்கி அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. இருபது வயதில் நீரில் குதித்தவர்கள் ஐம்பதைத் தாண்டியிருந்தனர். கப்பல் ஏன் மெதுவாகச் சென்றது, ஒலியலைக் கருவியில் நடந்த சோதனை அதற்குக் காரணமா, கிர்பான் அவ்விடத்தை விட்டு விலகியது முறையா என்னும் நெடுநாளைய விவாதங்களில் கண்கண்டவரின் குரலும் பொதுமக்கள் செவிக்கு எட்டியது.

மாலுமிகளும் குடும்பத்தாரும் ஒன்று கூடினால் வரலாறே திருந்தும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1945 ஜூலை 30-ஆம் நாள் இண்டியானாபொலிஸ் எனும் போர்க்கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேரில் 316 பேரே பிழைத்தனர். கடலில் நான்கு நாள் மிதந்தவர்கள் அவர்கள். பழி முழுவதும் கப்பல் தலைவர் மெக்வேயின் மீது விழுந்தது. படை நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மகனை இழந்த பெற்றோர் சிலர் அவருக்குச் சுடுசொற்களால் கடிதம் எழுதினர். 1960-இல் உயிர் தப்பியோர் முதன்முறையாக ஒன்றுகூடியபோது அவரையும் அழைத்தனர். எனினும் மனம் உடைந்த அவர் 1968-இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவர் மறைந்த பின்பும் அவருடைய மாலுமிகள் ஓயவில்லை. தொண்ணூறுகளில் பள்ளி மாணவன் ஒருவன் வரலாற்றுப் பாடத்திற்காக அவர்களுக்குக் கடிதம் எழுதிச் செய்தி திரட்ட, அம்முயற்சி வலுப்பெற்றது. கப்பலை மூழ்கடித்த ஜப்பானியத் தளபதி ஹஷிமோட்டோவே மெக்வேக்காகப் பரிந்து எழுதினார். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் அவரைக் குற்றமற்றவரென அறிவித்தது. இறந்தவரின் மானத்தை மீட்டவர்கள், ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்த முதிய மாலுமிகளே!

நம் நாட்டுக் குக்ரிக்கும் ஒரு தொடர்ச்சி வாய்த்தது. அதே பெயரில் மும்பை மஸகான் கப்பல் தளத்தில் கட்டப்பட்ட புதிய கப்பல் 1989 ஆகஸ்ட் 23-ஆம் நாள் பணியில் சேர்ந்தபோது, பாதுகாப்பு அமைச்சர் கே.சி. பந்த் அவர்களுடன் மறைந்த கேப்டனின் துணைவியார் சுதா முல்லா அம்மையாரும் முன்னின்று அதனைப் பணியில் சேர்த்தார். கணவரைக் கொண்டுபோன கப்பலின் பெயரை மீண்டும் கடலுக்கு அனுப்பிய அந்த உள்ளத்தின் உறுதியை என்னென்பது! முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்த அக்கப்பல் 2021 டிசம்பர் 23-இல் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. உடைத்து விற்கப்படாமல், 2022 ஜனவரி 26-இல் தியூ நிர்வாகத்திடம் நினைவுச் சின்னமாக ஒப்படைக்கப்பட்டது. முதல் குக்ரி உறங்கும் கடலின் கரைக்கே இரண்டாம் குக்ரி சென்று சேர்ந்தது. குக்ரி வீரர்களுக்கான நினைவிடம் தியூக் கரையில் முன்னரே அமைந்திருந்தது. கபுறில்லா மைந்தரின் குடும்பத்தாருக்குச் சென்று நிற்க ஓரிடம் வாய்த்தது.

எல்லாக் கப்பல்களுக்கும் இப்பேறு கிட்டுவதில்லை. நம் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் 1961 முதல் 1997 வரை பணியாற்றிய பெருங்கப்பல். மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக நின்றது. அதனைக் காக்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றமும் தடை விதிக்க மறுக்க, அது உடைக்கப்பட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளாகவும் உருமாறியது! இரும்பு எவ்வுருவும் எடுக்கும். ஆனால், அதன் தளத்தில் வாழ்ந்தோரின் நினைவை எந்த உலையிலும் உருக்கி வார்க்க இயலாது. அது சொல்லப்பட்டால் வாழும், சொல்லப்படாவிடில் மாயும்.

கண்ணீருக்குக் கொடியில்லை என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி, குக்ரிக்குச் சில நாட்கள் முன்னர், விசாகப்பட்டினத்திற்கு அப்பால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தன் வீரர்களோடு மூழ்கியது. 2024-இல் நம் கடற்படை தன் மீட்புக் கலத்தால் அதன் சிதைவைக் கண்டறிந்தது. ஆனால், இறந்தோருக்கு மதிப்பளித்து அதனைத் தொடாது விட்டது. போரில் எதிரியாக வந்தவனும் ஒரு தாயின் மகனே என்பதை உணர்ந்த பண்பு அது.

அன்பு வாசகர்களே! கடலும் கப்பலும் நமக்கு அயலானவை அல்ல. போர்ச்சுகீசியரைக் கடலில் எதிர்த்து நின்ற குஞ்ஞாலி மரைக்காயரின் பெயரை நம் கடற்படையே மும்பையிலுள்ள ஒரு தளத்திற்குச் சூட்டியுள்ளது. அந்த மாவீரரின் பெயர் நிலைத்தது. அவருடைய மரக்கலங்களில் துடுப்பு வலித்தவர்களின் பெயர்களோ நமக்குக் கிட்டவில்லை. எழுதி வைக்க எவரும் இல்லாததே காரணம். அதே தவறு நம் காலத்திலும் நேரலாமா?

இனயம் முதல் காயல்பட்டினம் வரை, கீழக்கரை முதல் நாகூர் வரை, கடற்படையிலும் வணிகக் கப்பலிலும் பணியாற்றிய முதியோர் நம்மிடையே இருப்பர். 1971-இல் இருபது வயதினர் எனின் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்களை அணுகி அமருங்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, உடன் பணியாற்றியோர் யார், எவர் எங்கே மறைந்தார் எனக் கேட்டு எழுதி வையுங்கள். வாப்பாவின் பழைய பெட்டியில் ஒரு கப்பலின் பெயர் பொறித்த தொப்பி நாடாவோ, பலர் சேர்ந்து எடுத்த படமோ இருக்குமாயின் அதனைக் குப்பையென எறிந்துவிடாதீர்கள். அப்படத்தில் நிற்கும் ஓர் இளைஞனின் முகத்தை, எங்கோ ஓர் ஊரில் ஒரு மூதாட்டி ஐம்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். அவளிடம் அதனைக் கொண்டு சேர்ப்பது நம் கையில் இருக்கும் அமானிதம்.

கடல் கொண்டதை மீட்கும் ஆற்றல் மனிதனுக்கில்லை. கரையில் இருப்பவர் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லும் ஆற்றலை வல்ல இறைவன் நமக்கு அளித்திருக்கிறான். சொல்வதற்கு உரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோமாக.