யர்மூக் 636: கைவிட்ட நகரங்களும் வென்ற களமும்

கி.பி. 636 ஆகஸ்டில் யர்மூக் ஆற்றை ஒட்டிய மேட்டுநிலத்தில் பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமப் பேரரசின்) பெரும்படை ஒன்று முஸ்லிம் படைகளிடம் தோற்று அழிந்தது. அதற்குப்பின் சிரியாவைக் காக்கப் பேரரசர் ஹெராக்ளியஸ் அந்த அளவில் இன்னொரு படையைத் திரட்டவில்லை. எழுநூறு ஆண்டுக்கால ரோம ஆட்சி அங்கே முடிவுக்கு வந்தது.

இந்த வெற்றிக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, முஸ்லிம் தளபதி காலித் பின் வலீதின் போர்த்திறனும் படையினரின் மார்க்க உறுதியும். மற்றொன்று, 602 முதல் 628 வரை பாரசீகத்தோடு நடந்த போரில் பேரரசு களைத்துப் போயிருந்தது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் தொடாத கேள்வி ஒன்று இருக்கிறது. அதே களைத்த பேரரசு 636-இல் அனுப்பிய படைதான், ஏற்கெனவே கைப்பற்றிய ஹிம்ஸையும் டமாஸ்கஸையும் விட்டு முஸ்லிம் படைகளை வெளியேற வைத்தது. வெளியேறிய அந்தப் படை சில மாதங்களுக்குள் எப்படி முழு வெற்றி கண்டது?

அந்த வெளியேற்றமே வெற்றியின் அடித்தளம் என்பது இக்கட்டுரையின் வாதம். நகரங்களை விட்டுக்கொடுக்க அந்தப் படையால் முடிந்தது, எதிரியால் முடியவில்லை. யர்மூக்கின் முடிவை இந்த வேறுபாடே பெரும்பாலும் தீர்மானித்தது.

சான்றுகளின் நிலை

யர்மூக் பற்றி விரிவாகப் பேசும் அரபு நூல்கள் அனைத்தும் நிகழ்ச்சிக்கு நெடுங்காலத்துக்குப் பின் தொகுக்கப்பட்டவை. பலாதுரீ இறந்தது 892-இல். தபரீ இறந்தது 923-இல். இவர்கள் முந்தைய அறிவிப்பாளர்களின் செய்திகளைத் தொகுத்தவர்கள். அச்செய்திகள் தமக்குள்ளேயே முரண்படுகின்றன. தபரீ எடுத்தாளும் ஸைஃப் பின் உமர், யர்மூக் போரை ஹிஜ்ரி 13-இல் (634), டமாஸ்கஸ் வீழ்ச்சிக்கு முன்னால் வைக்கிறார். அவர் கூற்றுப்படி, கலீஃபா அபூபக்ர் இறந்த செய்தி போர் நடந்துகொண்டிருக்கும்போதே வந்து சேர்கிறது. இப்னு இஸ்ஹாக், வாகிதீ ஆகியோரின் மரபு போரை ஹிஜ்ரி 15-இல் (636) வைக்கிறது.

இந்த வழக்கைத் தீர்ப்பதற்கு அரபு மொழிக்கு வெளியே ஒரு சான்று கிடைத்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஒரு சிரியாக் நற்செய்திப் பிரதியின் வெற்றுத் தாளில் யாரோ சில வரிகளைக் கிறுக்கி வைத்திருக்கிறார். தாள் சிதைந்திருப்பதால் பல சொற்கள் அழிந்துவிட்டன. மிஞ்சிய வரிகளில் முகம்மதுவின் பெயரும், சிற்றூர்கள் பல அழிந்த செய்தியும், ஹிம்ஸ், டமாஸ்கஸ் என்னும் ஊர்ப்பெயர்களும் தெரிகின்றன. செலூக்கிய ஆண்டு 947, ஆகஸ்ட் 20-ஆம் நாள் கபீதாவில் ரோமர்கள் ஏறத்தாழ 50,000 பேர் கொல்லப்பட்டதாக அவ்வரிகள் கூறுகின்றன. கபீதா என்பது அரபு நூல்கள் கூறும் ஜாபியா. 947 என்பது கி.பி. 636. தியோடர் நோல்டெக்கே பதிப்பித்த இந்தக் குறிப்பு நிகழ்ச்சிக்கு மிக நெருங்கிய காலத்தது என்றே ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். ஆக, 636 என்னும் ஆண்டு உறுதிப்படுகிறது; டமாஸ்கஸைப் பிடித்தது முதலில், விட்டது பிறகு, யர்மூக் அதற்கும் பிறகு என்னும் வரிசையும் நிலைபெறுகிறது. நம் வாதம் இந்த வரிசையின் மேல்தான் நிற்கிறது.

படைத்தொகையைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. பலாதுரீ ரோமர்களை ஏறத்தாழ 2,00,000 என்றும் முஸ்லிம்களை 24,000 என்றும் கணக்கிடுகிறார். வால்டர் கேகி, ஃப்ரெட் டானர் போன்ற வரலாற்றாய்வாளர்கள் முதல் எண்ணை ஏற்பதில்லை. அக்காலப் பேரரசின் வருவாயும் வழங்கலும் அத்தனை பெரிய படையைத் தாங்கியிருக்கா. பாகிஸ்தானியப் படைத்தலைவர் ஏ.ஐ. அக்ரம் வரைந்த ஆறு நாள் போர்த் திட்டம் பரவலாகப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு நாளும் எந்தப் பிரிவு எங்கே நகர்ந்தது என்று அது துல்லியமாகச் சொல்கிறது. மூல அறிவிப்புகளில் அத்துணைத் துல்லியம் இல்லை. எனவே, களத்தில் நடந்த ஒவ்வொரு நகர்வின் மேலும் பாரத்தை ஏற்றாமல், பல மரபுகளும் ஒத்துச் சொல்லும் செய்திகளிலிருந்து வாதத்தைக் கட்டுவதே முறை.

நகரங்களை விட்ட முடிவு

634-இல் அஜ்னாதைன், 635-இல் ஃபிஹ்ல், அதைத் தொடர்ந்து டமாஸ்கஸ், ஹிம்ஸ் என முஸ்லிம் படைகள் முன்னேறின. அம்ர் பின் அல்ஆஸ், யஸீத் பின் அபீ சுஃப்யான், ஷுரஹ்பீல் பின் ஹஸனா, அபூ உபைதா ஆகியோரின் படைகள் சிரியாவின் வெவ்வேறு பகுதிகளில் பிரிந்து கிடந்தன. அந்த வேளையில் வடக்கே ஹெராக்ளியஸின் புதிய படை திரண்டது. ஆர்மீனியரான வாஹான், கருவூலத் தலைவர் தியோடர், ரோமருக்குத் துணைநின்ற அரபுக் குலமான கஸ்ஸானியரின் தலைவர் ஜபலா பின் அல்அய்ஹம் ஆகியோர் அதில் இருந்தனர். பிரிந்து நின்ற படைகளை ஒவ்வொன்றாக நசுக்குவதே அதன் வாய்ப்பு.

அந்த வாய்ப்பை அபூ உபைதா கொடுக்கவில்லை. ஹிம்ஸை விட்டார், டமாஸ்கஸை விட்டார், எல்லாப் படைகளும் ஜாபியாவுக்கும் யர்மூக்குக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஒன்றுகூடின. ஹிம்ஸ் மக்களிடம் வாங்கிய வரியை வெளியேறுமுன் திருப்பிக் கொடுத்த செய்தியைப் பலாதுரீ பதிவு செய்கிறார்: பாதுகாப்புக்கு ஈடாக வாங்கிய பணம், பாதுகாக்க இயலாதபோது தம்மிடம் இருக்கலாகாது என்பது காரணம். இந்நிகழ்ச்சி அறத்துக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது, அது சரியே. அதோடு இதற்கு ஒரு படைத்துறைப் பொருளும் உண்டு. அந்தப் படையின் உயிர்நாடி நகர வரியில் இல்லை. வரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டும் அதனால் களத்தில் நிற்க முடிந்தது. அதன் வண்டிவாகனம் ஒட்டகம். உணவும் தீனியும் மேய்ச்சல் நிலத்தில். குடும்பங்கள் பாசறையிலேயே இருந்தன. யர்மூக்கில் பெண்களும் போரிட்டதை அரபு நூல்கள் குறிப்பிடுகின்றன. நகரத்தை இழந்தாலும் இந்தப் படைக்குத் திரும்பிச் செல்ல இடம் இருந்தது: தெற்கே பாலைவனமும் ஹிஜாஸும்.

ரோமப் படையின் கட்டு

வாஹானின் படைக்கு இந்த விடுதலை இல்லை. நகரங்களைக் காப்பதே அது அனுப்பப்பட்டதன் நோக்கம்; தானியமும் பணமும் அந்த நகரங்களிலிருந்தே வரவேண்டும். டமாஸ்கஸ் 613 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பாரசீகர் பிடியில் கிடந்து அண்மையில்தான் மீண்டிருந்தது. அலெக்ஸாந்திரியாவின் பத்தாம் நூற்றாண்டுக் குலபதி யூட்டிகியஸ் கூறும் செய்தி இங்கே கவனிக்கத்தக்கது. டமாஸ்கஸின் நிதிப் பொறுப்பாளர் மன்சூர், இத்தனை பெரிய படைக்குப் பணம் தர இயலாது என்று மறுத்தாராம். பின்னொரு நாள் இரவில் பறைகளோடும் பந்தங்களோடும் நகர மக்களை அழைத்துக்கொண்டு அவர் பாசறைக்கு வந்தபோது, எதிரி வந்துவிட்டான் என்று படை கலைந்து ஓடியதாம். பந்தங்களின் கதை மிகையாக இருக்கலாம். பணத்தைப் பற்றிய சண்டை மிகையன்று. சில ஆண்டுகளுக்கு முன்பே எல்லையைக் காத்த அரபுகளுக்கு வழக்கமான ஊதியம் மறுக்கப்பட்டதையும், அவர்கள் பகைவர் பக்கம் சாய்ந்ததையும் பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோபனஸின் வரலாற்றேடு கூறுகிறது. அதே ஏடு, வாஹானின் வீரர்கள் அவரையே பேரரசராக அறிவித்ததாகவும் சொல்கிறது. ஊதியம் நின்ற படையில் கட்டுப்பாடு குலைவது இயல்பே.

காத்திருப்பது ஒரு பக்கத்துக்கு இலாபம், மறுபக்கத்துக்கு நட்டம் என்றாயிற்று. கோடையின் நடுவில் ஜாபியா மேட்டில் நீரும் புல்லும் இருந்தன; முன்பு கஸ்ஸானியர் பாளையமிட்ட இடம் அது. மதீனாவிலிருந்து துணைப்படை வந்துகொண்டிருந்தது. ரோமர்களுக்கோ ஒவ்வொரு வாரமும் தானியக் கணக்கு ஏறியது.

நிலத்தின் பங்கு

யர்மூக்குக்கு வடக்கே உள்ள மேட்டுநிலத்தை ருக்காத், அல்லான் முதலிய ஓடைகள் செங்குத்தான பள்ளங்களாக அறுத்துச் செல்கின்றன. ரோமப் படை இந்தப் பள்ளங்களுக்கிடையே பாளையமிட்டது. பக்கவாட்டுத் தாக்குதலிலிருந்து காக்கும் அகழிகளாக அவை தோன்றியிருக்கும். அணி உடைந்ததும் அவையே பொறியாயின. ஸைஃபின் அறிவிப்பு வாகூஸா பள்ளத்தில் விழுந்து இறந்தோரைப் பற்றிப் பேசுகிறது. தென்காற்று எழுப்பிய புழுதி முகத்தில் அடிக்க ரோமர்கள் யர்மூக்கின் இடுக்குகளில் விழுந்து மாண்டதாகத் தியோபனஸ் எழுதுகிறார். எண்ணிக்கையில் முரண்படும் இருவேறு மரபுகள் இந்த முடிவில் ஒத்துப்போகின்றன. தோற்ற படை அழிந்த படையானதற்குக் காரணம், பின்வாங்க வழியில்லாத இடத்தில் அது நின்றதே.

ஒரு மறுப்பு

வெளியேறியது திட்டமன்று, வேறு வழியில்லாமல் செய்தது என்று ஒருவர் கூறலாம். நெருக்கடி இருந்தது உண்மை. ஆனால் நெருக்கடியில் எல்லாப் படையும் சரியாக முடிவெடுப்பதில்லை. இதற்கு மறுசான்று முஸ்லிம் படை வரலாற்றிலேயே உண்டு. 634-இல் இராக்கில் அபூ உபைத் அஸ்ஸகஃபீ, ஃபுராத் நதியைப் பாலத்தின் வழியே கடந்து, நதி முதுகுக்குப் பின்னால் இருக்கப் பாரசீகரை எதிர்த்தார். யானைகள் முன்வந்தன, அவர் மாண்டார், பாலம் அறுபட்டது, பலர் நீரில் மூழ்கினர். எஞ்சியவர்களை உடனிருந்த தளபதி முஸன்னா கரைசேர்த்தார். அவ்வீரர்களின் உறுதி யர்மூக்கில் நின்றவர்களின் உறுதிக்குக் குறைந்ததன்று. குறைந்தது பின்வாங்கும் வழி மட்டுமே. அடுத்து காதிஸிய்யாவில் ஸஅத் பின் அபீ வக்காஸ் பாலைவன விளிம்பைத் தேர்ந்தது இந்தப் பாடத்தின் விளைவு. பாலப் போரில் முஸ்லிம்கள் நின்ற இடத்தில் யர்மூக்கில் ரோமர்கள் நின்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

முடிவுரை

காலிதின் திறமையையோ படையினரின் நம்பிக்கையையோ இந்த வாதம் குறைக்கவில்லை. நகரச் செல்வத்தைக் கையில் வைத்திருந்து அதை விட்டு விலக ஒரு படைக்குக் கட்டுப்பாடு வேண்டும். தளபதியின் சொல்லுக்குப் பல குலத்தாரும் அடங்கவும் வேண்டும். அந்த ஒழுங்கை மார்க்கம் கொடுத்தது. ஆனால் அது களத்தில் பயன்பட்ட வழியை விளக்க வேண்டுமானால் வீரக்கதைகளைத் தாண்டி நீர், தீனி, ஊதியம், பின்வழி ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும்.

வெற்றிக்குப் பிறகும் இதே கொள்கை தொடர்ந்தது. டமாஸ்கஸ் மீண்டும் கைவந்தபின்னும் ஜாபியா பெரும் பாளையமாக நீடித்தது. கலீஃபா உமர் சிரியா வந்தபோது அங்கேதான் தங்கினார். பஸராவும் கூஃபாவும் ஃபுஸ்தாத்தும் பழைய தலைநகரங்களுக்கு வெளியே, பாலைவனத்தோடு தொடர்பு அறுபடாத இடங்களில் எழுந்தன. இஸ்லாமிய நகர வரலாற்றின் தொடக்கமாகப் படிக்கப்படும் இப்படைவீட்டு ஊர்களை யர்மூக்கின் படைத்துறைப் பாடமாகவும் படிப்பது அவசியம்.