கண்மாய்க் கரையிலிருந்து அடுக்குமாடிக்கு: பொதுச்சொத்தும் காப்பீடும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கண்மாய் ஊருக்கே பொது. கரை உடைந்தால் ஒருவர் வயல் மட்டும் அழியாது. ஆகவே பாசனம் பெறும் குடிகள் அனைவரும் ஆள் அனுப்பி, மண் வெட்டிப் போட்டுக் கரையைக் காத்தனர். இதுதான் குடிமராமத்து. 1858-ல் சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டமும் வந்தது. பணம் வாங்காத காப்பீடு என்றே இதைச் சொல்லலாம்.

பணம் கட்டிப் பெறும் வீட்டுக் காப்பீட்டின் கதை வேறு. 1666-ல் லண்டன் நகரம் தீக்கிரையான பின், நிக்கலஸ் பார்பன் என்பவர் 1680-களின் தொடக்கத்தில் அங்கே தீக்காப்பீட்டு அலுவலகம் நடத்தினார். இந்தியாவில் 1973-ல் 107 பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாகி நான்காக இணைக்கப்பட்டன. அந்த நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை.

ஒரு வீடு, ஒரு சொந்தக்காரர் என்று இருந்தவரை சிக்கல் இல்லை. அடுக்குமாடி வந்ததும்தான் கேள்வி பிறந்தது. வீடு தனித்தனி, ஆனால் நிலம், தூண், மொட்டைமாடி, படிக்கட்டு எல்லாம் பொது. தமிழ்நாட்டில் பிளாட் வாங்கியோர் நெடுங்காலம் பத்திரத்தில் பெற்றது நிலத்தின் 'பிரிபடாத பங்கு' மட்டுமே. கட்டடத்துக்குத் தனியே கட்டுமான ஒப்பந்தம் போடுவார்கள். அப்படியானால் பொதுத் தூணை யார் காப்பீடு செய்வது?

மகாராஷ்டிரத்தின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி காட்டியது. பெரும்பான்மை உரிமையாளர்கள் கேட்டால் கட்டடம் முழுவதற்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்க வேண்டும். அவரவர் வீட்டுக்குத் தனியாக எடுக்கும் உரிமையும் உண்டு. தமிழகத்தில் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1994-ல் வந்தது. அதன் இடத்தில் 2022-ல் இயற்றிய புதிய சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது.

நடைமுறையிலோ, வங்கி கடன் தரும்போது கேட்பதால் மட்டும் பாலிசி எடுப்போரே அதிகம். கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும் பாலிசியை வீட்டுக் காப்பீடு என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல!

2021 டிசம்பரில் சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்புக் கட்டடம் இடிந்தது. விரிசலைக் கண்டு முன்பே வெளியேறியதால் மக்கள் உயிர் தப்பினர். தரைதளத் தூண் போனால் மேல்தள வீடும் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பராமரிப்பின்றி நாள்பட்டுச் சிதையும் கட்டடத்துக்குக் காப்பீடு பணம் தராது என்பதையும் மறக்கக் கூடாது. மதுரையில் 2024 அக்டோபரில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி வெள்ளக்காடானது. கண்மாய் நிலங்களிலும் நகரம் வளர்ந்துவிட்ட ஊரில் இது வியப்பல்ல.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை வழங்க வேண்டும் என்பது விதி. தீ, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவை இதில் அடங்கும். தொகையைச் சந்தை விலையில் அல்ல, திரும்பக் கட்டும் செலவில் கணக்கிடுவார்கள்; நிலத்தின் விலை அதில் சேராது.

எனவே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: லிப்ட், மோட்டார், தூண், மொட்டைமாடி இவையெல்லாம் யார் பெயரில், எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்யப்பட்டுள்ளன? பதில் இல்லை என்றால், கரை இல்லாத கண்மாயை நம்பி எல்லோரும் நாற்று நட்டிருக்கிறார்கள் என்று பொருள்.