வெட்டுக்கிளிப் படையெடுப்பு

வெட்டுக்கிளிப் படையெடுப்பு என்பது சில வெட்டுக்கிளி இனங்கள் மழைக்குப் பின் பெருகி, பெருங்கூட்டமாகத் திரண்டு, பயிர் பச்சைகளை அழித்தபடி நெடுந்தொலைவு இடம்பெயரும் நிகழ்வு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரை பூச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றும் நாள்தோறும் தன் எடையளவு, அதாவது சுமார் 2 கிராம் தழையைத் தின்னும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, இத்தகைய ஒரு கூட்டம் ஒரே நாளில் 35,000 பேரின் உணவுக்கு ஈடானதைத் தின்றுவிடுகிறது. காற்றின் போக்கில் இக்கூட்டம் நாளொன்றுக்கு 150 கி.மீ. வரை பறக்கும்.

தமிழில் இதைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் உள்ளது. காஞ்சிபுரத்தவர் என மரபு கூறும் இவ்வுரையாசிரியர், 732ஆம் குறளில் வரும் ‘அருங்கேட்டால்’ என்பதிலுள்ள கேட்டுக்கு மிகுமழை, மழையின்மை, எலி, விட்டில் (வெட்டுக்கிளி), கிளி, அரசரின் அண்மை ஆகிய ஆறையும் எடுத்துக்காட்டுகிறார். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இணையான கேடாகவே அன்று விட்டில் எண்ணப்பட்டது.

வகைகள்

இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி, பம்பாய் வெட்டுக்கிளி, புலம்பெயர் வெட்டுக்கிளி, மர வெட்டுக்கிளி என நான்கு படையெடுப்பு இனங்கள் உள்ளன. இவற்றுள் பேரழிவு தருவது பாலைவன வெட்டுக்கிளி (சிஸ்டோசெர்கா கிரிகேரியா). மேற்கு ஆப்பிரிக்கா முதல் ராஜஸ்தான் வரையிலான வறண்ட நிலமே இதன் வாழிடம்.

வயலில் காணும் எல்லா வெட்டுக்கிளியும் படையெடுப்பதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத், தென்னேரி வட்டார ஏரிப்பாசன நெல்வயல்களில் உழவர் அறிந்திருப்பது நெல் வெட்டுக்கிளியை. இது இலையின் ஓரத்தை அரித்துத் தின்னும்; கதிர்க்காம்பையும் கடிக்கும். மண்ணுக்குள் முட்டைக்கூடு வைத்துவிடும். நடவுக்கு முன் அண்டை வெட்டிச் சேறு பூசும் பழக்கத்தால் வரப்பிலுள்ள முட்டைகள் வெயிலிலும் பறவை வாயிலும் அழிகின்றன. கோடை உழவும் இதே பயனைத் தருகிறது. சோளத்தைத் தாக்கும் இறக்கையற்ற தக்காண வெட்டுக்கிளியைப் பற்றி மைசூர் அரசின் பூச்சியியலாளர் லெஸ்லி கோல்மன் 1911இல் விரிவாக எழுதினார். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாகத் திரியும் எருக்கு வெட்டுக்கிளி இன்னொரு உள்ளூர் இனம்.

வாழ்க்கையும் நிலைமாற்றமும்

பாலைவன வெட்டுக்கிளி ஈர மணலில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் முட்டையிடும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இளங்குஞ்சுகள் வெளிவரும். இறக்கை முளைக்கும்வரை இவை தரையில் தத்தித் தத்தி அணிவகுத்துச் செல்லும். அழிப்பதற்கு ஏற்ற காலம் இதுவே. முன்பெல்லாம் இவை வரும் வழியில் பள்ளம் வெட்டி, உள்ளே விரட்டி, மண்ணிட்டு மூடினர்.

தனித்து வாழும் பூச்சியும் கூட்டமாக வாழும் பூச்சியும் நிறத்திலும் வடிவிலும் பெரிதும் வேறுபடுவதால், நெடுங்காலம் அவை வெவ்வேறு இனங்களாகக் கருதப்பட்டன. புலம்பெயர் வெட்டுக்கிளியை ஆராய்ந்த ரஷ்யப் பூச்சியியலாளர் போரிஸ் உவாரவ், இவ்விரண்டும் ஒரே இனத்தின் இரு நிலைகள் என 1921இல் நிறுவினார். உணவுள்ள இடம் சுருங்கும்போது பூச்சிகள் நெருங்குகின்றன. ஒன்றன் பின்னங்கால் மற்றொன்றின் மேல் ஓயாமல் உரசுகிறது. அந்த உரசலால் உடலில் செரோடோனின் மிகுந்து, ஒதுங்கி வாழ்ந்த பூச்சி சில மணி நேரத்தில் கூட்டத்தை நாடத் தொடங்குகிறது என்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

தென்னாட்டு வரலாறு

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய வாலாஜாபாத் பகுதியும் பஞ்ச எல்லைக்குள் இருந்தது. பஞ்சம் ஓயும் தறுவாயில், 1878இல், சென்னை மாகாணத்தின் சில பகுதிகளில் வெட்டுக்கிளிகள் இறங்கின. மழை பெய்து துளிர்விட்ட முதல் பயிரின் மேல் விழுந்த அடி அது. வந்தது பம்பாய் வெட்டுக்கிளியாக இருக்கலாம்.

பம்பாய் வெட்டுக்கிளி ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டுமே பெருகும். குளிர்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கழித்து, பருவமழைக்கு முன் சமவெளிக்கு இறங்கும். 1901 முதல் 1908 வரை மேற்கிந்தியாவைத் தாக்கிய இதனை ஆராய்ந்து, பேரரசுப் பூச்சியியலாளர் மாக்ஸ்வெல் லெஃப்ராய் 1906இல் அறிக்கை வெளியிட்டார். 1908க்குப் பின் இந்த இனம் பெரும் படையெடுப்பாக எழவில்லை.

பாலைவன வெட்டுக்கிளி ஆய்வில் தென்னாட்டுக்குச் சிறப்பான பங்கு உண்டு. கோயம்புத்தூரில் சென்னை மாகாணப் பூச்சியியலாளராகப் பணியாற்றிய ராவ் பகதூர் ஒய். ராமச்சந்திர ராவ், 1926–31 படையெடுப்பையொட்டிக் கராச்சியில் அமைந்த ஆய்வுப் பணிக்குத் தலைமை ஏற்றார். பலுசிஸ்தான், சிந்து, ராஜஸ்தான் பாலைகளில் பூச்சி பெருகும் இடங்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்து, பெருக்கம் மழையையும் காற்றையும் சார்ந்தது என்பதைக் களத்தில் காட்டினார். இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளி பற்றிய அவரது பெருநூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1960இல் வெளியிட்டது.

தடுப்பு அமைப்புகள்

வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு 1939இல் தொடங்கப்பட்டது. இன்று இதன் களத் தலைமையகம் ஜோத்பூர். ராஜஸ்தான், குஜராத்தை உள்ளடக்கிய ஏறத்தாழ 2 லட்சம் சதுர கி.மீ. பாலைநிலத்தை இது கண்காணிக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளின் கூட்டு ஆணையம் 1964 முதல் செயல்படுகிறது. இந்திய, பாகிஸ்தான் அலுவலர்கள் எல்லையிலுள்ள முனாபாவிலும் கோக்ராபாரிலும் சந்தித்துத் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழக்கமும் ஏற்பட்டது. 1962க்குப் பின் இந்தியாவில் பல்லாண்டு நீடித்த படையெடுப்பு இல்லாமல் போனதற்கு இந்த இடைவிடாத கண்காணிப்பும் ஒரு காரணம்.

உலகின் புறக்கணிப்பு

கூட்டம் வானில் தெரியும்வரை உலகம் வெட்டுக்கிளி ஆபத்தைக் கண்டுகொள்வதில்லை. 2004 தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவைக் காக்க உணவு வேளாண் அமைப்பு கேட்டது சுமார் 90 லட்சம் டாலர். கொடை நாடுகள் தயங்கின. அவ்வாண்டு ஆகஸ்டுக்குள் தேவை 10 கோடி டாலரானது. இறுதியில் 1.3 கோடி ஹெக்டேரில் மருந்து தெளிக்க 40 கோடி டாலருக்கு மேல் செலவானது. பயிர் இழப்பு 250 கோடி டாலர் வரை போனது. பட்டினி கிடந்தவர்கள் சாஹேல் பகுதியின் கம்பு, சோள உழவர்கள்.

2018இல் மெக்குனு, லுபான் புயல்கள் அரேபியாவின் வெறுமைப் பாலையை நனைத்தன. ஆள் அரவமற்ற அந்நிலத்தில் மூன்று தலைமுறை பெருகியதை எவரும் பார்க்கவில்லை. போரில் சிதைந்த ஏமனில் தடுப்புப் பணி நடக்கவில்லை. 2020இல் கென்யா 70 ஆண்டுகளிலும், எத்தியோப்பியாவும் சோமாலியாவும் 25 ஆண்டுகளிலும் காணாத தாக்குதலைச் சந்தித்தன. அவ்வாண்டு ஜனவரியில் கேட்ட 7.6 கோடி டாலர் வந்து சேருமுன் உலகின் கவனம் கொரோனாவுக்குத் திரும்பிவிட்டது.

இன்றைய நிலை

2020இல் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரை கூட்டங்கள் வந்தன. டிரோன்களால் மருந்து தெளிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் திரண்ட பூச்சிகள் உள்ளூர் இனமே என வேளாண் துறை தெளிவுபடுத்தியது. பாலைவன வெட்டுக்கிளி தமிழகத்துக்கு வரும் வாய்ப்பு குறைவு. ஆயினும் அரபிக்கடலில் புயல்கள் பெருகிவரும் இக்காலத்தில், அமைதியான ஆண்டுகளிலும் கண்காணிப்புக்குப் பணம் ஒதுக்குவதே இதற்குள்ள ஒரே மலிவான தீர்வு.