வினிகரில் ஊறிய வெள்ளரி

வெள்ளரிக்காயைப் புளிப்பேற்றி ஊறுகாயாக்க இரண்டு வழிகள் உண்டு. உப்புநீரில் மூழ்கவைத்து, காயின் மேலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பை உண்டாக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பது ஒன்று. ஏற்கெனவே புளித்த வினிகரைக் காய்ச்சி ஊற்றுவது மற்றொன்று. நறுக்கிய காயின்மேல் வினிகரும் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் கலந்து ஊற்றி, மறுநாளே எடுத்து உண்ணும் இன்றைய உடனடி ஊறுகாய் இரண்டாம் வழியில் வந்தது. அதைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று ஒதுக்குவது நியாயமாகாது. அதற்குத் தனி வரலாறு உண்டு.

வெள்ளரியின் தாயகம் இமயமலை அடிவாரம். அதன் மூதாதையான கசப்புக் காட்டுவெள்ளரி இன்றும் அங்கே காய்க்கிறது. ரோமப் பேரரசர் திபேரியஸ் நாள்தோறும் வெள்ளரி கேட்டு உண்டார் என்று பல நூல்களில் காணலாம். ஆனால் பழைய ஓவியங்களையும் தாவரப் பெயர்களையும் ஆராய்ந்த ஹாரி பாரிஸ், ஜூல்ஸ் ஜேனிக் ஆகியோர், அவர் உண்டது முலாம்பழ இனத்து நீளக் காய் என்ற முடிவுக்கு வந்தனர். உண்மையான வெள்ளரி ஐரோப்பாவை அடைந்தது இடைக்காலத்தில்தான்.

கிழக்கு ஐரோப்பாவில் மரப்பீப்பாய், உப்பு, பூண்டு, சதகுப்பைக் கீரை என்று உப்புநீர் முறை வேரூன்றியது. அங்கிருந்து குடிபெயர்ந்த யூதர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை நியூயார்க்கின் கீழ்கிழக்குப் பகுதிக்குக் கொண்டு சென்றனர். இங்கிலாந்தின் சமையலறைகள் வினிகரை நம்பின. ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் வெள்ளரிப்பிஞ்சு ஊறுகாய்க்கும் இடம் உண்டு.

வினிகர் முறையில் பெரிய சிக்கல் நிறம். அமிலம் பட்டதும் பச்சையத்திலுள்ள மக்னீசியம் வெளியேறி, காய் மங்கிய பழுப்புப் பச்சையாகிவிடும். பளிச்சென்ற பச்சை வேண்டி, அக்கால இல்லத்தரசிகள் வினிகரைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சினர். செப்புக் காசுகளைப் போட்டுக் கொதிக்கவைக்கச் சொன்ன சமையல் நூலும் இருந்தது. மக்னீசியம் விட்ட இடத்தில் செம்பு புகுந்துகொள்ள நிறம் நின்றது. கூடவே நஞ்சும் சேர்ந்தது. வேதியியலாளர் ஃபிரெடரிக் அக்கும் 1820இல் வெளியிட்ட உணவுக் கலப்பட நூலில் இந்த ஊறுகாய்களை வெளிப்படையாகக் கண்டித்தார். பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும் என்று ஈயம் பூசிப் புழங்கிய தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்த ஆபத்து புதிதல்ல. மங்கிய நிறம் குறையல்ல என்று மக்கள் ஏற்கும்வரை செம்பின் புழக்கம் ஓயவில்லை.

அடுத்த சிக்கல் மொறுமொறுப்பு. சில ஜாடிகளில் காய் ஏன் கொழகொழத்துப் போகிறது என்பதற்கு விடை கிடைத்தது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். வட கரோலினாவில் ஆய்வு செய்த எட்செல்ஸ், பெல் ஆகியோர், வாடிய பூவில் வளரும் பூஞ்சைகளின் நொதிகள் காயின் பெக்டினைக் கரைப்பதைக் கண்டறிந்தனர். பூ இருந்த நுனியை மெல்லியதாக, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எறிந்தாலே போதும். காம்புப் பக்கத்தை வெட்டிவிட்டுப் பூப் பக்கத்தை விட்டுவைப்பவர்கள் பலர். வெட்ட வேண்டியது பூப் பக்கம்.

கெடாமல் வைப்பதற்கு ஜான் மேசன் 1858இல் காப்புரிமை பெற்ற திருகுமூடிக் கண்ணாடி ஜாடி உதவியது. ஆனாலும் ஜாடியை மூடிச் சூடேற்றும் வேலை மிச்சமிருந்தது. அந்த வேலையை நீக்கியது குளிர்சாதனப் பெட்டி. 1927இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் 'மானிட்டர் டாப்' வந்தபின் அமெரிக்க வீடுகளில் அது பரவ, காயைச் சூடேற்றாமலே சில வாரங்கள் வைத்து உண்ண முடிந்தது. இன்றைய உடனடி ஊறுகாய் சாத்தியமானது இப்படித்தான்.

இந்தியாவில் ஊறுகாய்க்கான கெர்கின் வெள்ளரி 1990களில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கி, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. ஒப்பந்தச் சாகுபடியில் சிறு விவசாயிகள் விளைவிக்கும் இப்பயிர் ஏற்றுமதிக்கே போகிறது. 2020-21இல் வெள்ளரியும் கெர்கினுமாக 2.23 லட்சம் டன் வெளிநாடு சென்றது.

வீட்டில் செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அமெரிக்கச் செய்முறைகள் 5 சதவீத அமிலமுள்ள வினிகரைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை; இந்தியக் கடைகளில் கிடைக்கும் வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம்தான். ஆகவே இங்கே தண்ணீரைக் குறைத்து வினிகரைக் கூட்ட வேண்டும், ஜாடியைக் குளிர்சாதனப் பெட்டியை விட்டு வெளியே வைக்கக் கூடாது.