மீளும் மூளைத் தமனிச் சுருக்கம்

மீளும் மூளைத் தமனிச் சுருக்கம் (ஆர்.சி.வி.எஸ்.) என்பது மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் ஆங்காங்கே இறுகி, சுமார் 3 மாதங்களுக்குள் பழைய அகலத்துக்குத் திரும்பும் நோய்நிலை. திடீரென எழும் கடுந்தலைவலி இதன் முதன்மை அறிகுறி. பலருக்கு வேறு அறிகுறியே இராது.

பெயர்

1988இல் கிரகரி கால், மேரி ஃபிளெமிங் உள்ளிட்ட மருத்துவர்கள் இதை விவரித்ததால் ‘கால்–ஃபிளெமிங் நோய்’ எனப்பட்டது. பிரசவத்துக்குப் பின் வந்தால் ஒரு பெயர், மருந்தால் வந்தால் மற்றொரு பெயர் என வழங்கிவந்தவை 2007இல் ஒரே பெயரின்கீழ் தொகுக்கப்பட்டன.

அறிகுறிகள்

வலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். இடி விழுந்தாற்போல் வருவதால் இது ‘இடித் தலைவலி’ எனப்படுகிறது. தணிந்த வலி ஓரிரு வாரங்களுக்கு மீண்டும் மீண்டும் தாக்குவது இந்நோயின் தனி அடையாளம். குமட்டலும் ஒளிக் கூச்சமும் உடன்வரலாம். சிலருக்கு வலிப்பு, பார்வைக் குறை, கைகால் செயலிழப்பு ஏற்படும்.

காரணங்கள்

தமனிச் சுவரின் இறுக்கத்தை ஆளும் கட்டுப்பாடு தற்காலிகமாகக் குலைவதே அடிப்படை எனக் கருதப்படுகிறது. நடுவயதுப் பெண்களிடம் மிகுதி. பிரசவத்தை அடுத்த வாரங்கள், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான்கள், சிலவகை மனச்சோர்வு மருந்துகள், கஞ்சா, கொக்கெய்ன் ஆகியவை இதைத் தூண்டக்கூடும். உடலுறவு, முக்குதல், கடும் உழைப்பு, குளியல் ஆகியவற்றின்போதும் வலி வெடிக்கலாம்.

கண்டறிதல்

தமனி வீக்கம் வெடித்து மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தாலும் தலைவலி இப்படியே தொடங்கும். ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து அந்த ஆபத்தை விலக்க வேண்டும். ஆஞ்சியோகிராமில் தமனிகள் இறுகியும் விரிந்தும் மணிச்சரம்போல் தெரியும். சுருக்கம் சிறு கிளைகளில் தொடங்கிப் பெரிய தமனிகளை நோக்கி நகர்வதால், முதல் வாரத்தில் படம் இயல்பாகவே இருக்கக்கூடும். ஐயம் நீடித்தால் மீண்டும் எடுப்பர். மூளைத் தமனி அழற்சியிலும் இதையொத்த படம் தெரியும். ஆனால் அதில் தலைவலி மெல்ல வளரும், தண்டுவட நீரிலும் பெரும்பாலும் மாற்றம் இருக்கும்.

சிகிச்சை

தூண்டிய மருந்தை நிறுத்துதல், ஓய்வு, வலி நிவாரணம், இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவை முதன்மையானவை. நிமோடிபின் போன்ற மருந்துகள் தரப்படுவதுண்டு. ஸ்டீராய்டுகள் நிலைமையை மோசமாக்கலாம். சளிக்காகக் கடையில் தானே வாங்கிய மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

விளைவு

பெரும்பாலோர் முழுமையாகத் தேறுவர். மறுபடி வருவது அரிது. எனினும் ‘மீளும்’ என்ற சொல் தமனிகளுக்கே உரியது. இடையில் மூளையில் இரத்தக் கசிவோ பக்கவாதமோ நேர்ந்தால், தமனி சீரானாலும் அந்தப் பாதிப்பு நிலைத்துவிடலாம். வலி தணிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல், முதல் தாக்குதலிலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.