கற்பித்தல் முறையும் உரிமையும்: எடின்பரோ பிரெய்டுவுட் பள்ளி

முன்னுரை

செவித்திறனற்ற குழந்தைகளுக்கான கல்வியின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழி முறைக்கும் சைகை முறைக்கும் இடையிலான பூசலாகவே எழுதப்படுகிறது. கற்பிக்கும் முறை யாருடைய உடைமை என்னும் வினாவும் அவ்வரலாற்றின் போக்கை மாற்றியது என்பதை எடின்பரோவில் இயங்கிய ஒரு சிறு பள்ளியின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளியும் பயிற்றுமுறையும்

தாமஸ் பிரெய்டுவுட் 1760இல் லீத் துறைமுக வணிகர் ஒருவரின் மகனான சார்லஸ் ஷிரெஃப் என்னும் ஒரே மாணவருடன் இப்பணியைத் தொடங்கினார். 1773இல் சாமுவேல் ஜான்சன் வருகைதந்தபோது ஏறத்தாழ 12 மாணவர் அங்குப் பயின்றனர். தாம் எழுதிக் கொடுத்த கணக்கை ஒரு மாணவி செய்துகாட்டியதை அவர் தம் பயண நூலில் பதிவுசெய்துள்ளார். பேச்சு, எழுத்து, சைகை ஆகியவற்றை இணைத்த அம்முறை பலனளித்தது. எனினும் கட்டணம் செலுத்த வல்லோரின் பிள்ளைகளே பெரிதும் பயனடைந்தனர்; முறையோ குடும்பத் தொழிலின் இரகசியமாகக் காக்கப்பட்டது.

மறுக்கப்பட்ட பயிற்சி

1815இல் அமெரிக்காவிலிருந்து இம்முறையைக் கற்க வந்த தாமஸ் கேலடெட், ஆண்டுக்கணக்கில் உதவியாளராகப் பணியாற்ற வேண்டும் என்னும் நிபந்தனையை இலண்டனில் எதிர்கொண்டார். எடின்பரோவிலோ, பிரெய்டுவுட் குடும்பத்தாரிடம் பயின்ற ஆசிரியர் முறையை வெளியிடுவதில்லை என்ற உறுதிமொழியால் கட்டுண்டிருந்தார். ஆகவே கேலடெட் பாரிசு சென்று, சைகைவழிக் கல்வி அளித்த பள்ளியில் பயின்றார். அப்பள்ளியின் செவித்திறனற்ற ஆசிரியர் லோரான் கிளேர் அவருடன் அமெரிக்கா சென்றார். 1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்ஃபோர்டில் அவர்களது பள்ளி திறக்கப்பட்டது.

முடிவுரை

இரு நாட்டினரும் ஆங்கிலம் பேசுவோராயினும், அமெரிக்கச் சைகைமொழி பிரெஞ்சுச் சைகைமொழிக்கே நெருங்கிய உறவுடையது. விரலெழுத்தை அமெரிக்கர் ஒரு கையாலும் பிரித்தானியர் இரு கைகளாலும் காட்டுகின்றனர். இப்பிரிவுக்கான காரணங்களுள், ஒரு குடும்பம் தன் பிழைப்புக்காகக் காத்த இரகசியமும் ஒன்றாகும். அதன் விலையைச் செலுத்தியோர், அந்த உடன்பாட்டில் பங்கே பெறாத செவித்திறனற்றோர் ஆவர்.